‘முற்றுகையிடு’: ஆறு ரொமான்ஸ் மொழிகளில் வினைவடிவ அட்டவணை தயாரிக்கும் முறை

‘முற்றுகையிட்டார்கள்’ என்ற ஒரே வினைமுற்றை ஸ்பானியம், போர்ச்சுகீசியம், இத்தாலியம், ருமேனியம், கட்டலான், பிரெஞ்சு ஆகிய ஆறு மொழிகளிலும் பிழையில்லாமல் எழுத வேண்டும். வரலாற்று நூல்களை மொழிபெயர்ப்பவர்களுக்கும் சொற்பட்டியல் தொகுப்பவர்களுக்கும் இப்படியொரு வேலை அடிக்கடி வந்து சேரும். ஆறும் லத்தீனிலிருந்து கிளைத்தவை, வினையடியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கிறது, ஒன்று தெரிந்தால் மற்றதை ஊகித்துவிடலாம் என்ற துணிச்சல் வந்துவிடும். புதியவர்கள் இடறுவது அந்தத் துணிச்சலால்தான்.

வேலையின் வரிசை இது: முதலில் சொல், அடுத்து அழுத்தம், பிறகு எழுத்து, கடைசியில் காலம். பெரும்பாலோர் காலத்தில் தொடங்கி, ஈறுகளை மனப்பாடம் செய்து ஒட்டிவிட்டு, கடைசியில் தவறான சொல்லுக்குச் சரியான ஈறு சேர்த்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள்.

தொடங்கும் முன்

ஒவ்வொரு மொழிக்கும் அந்த மொழியிலேயே பொருள் சொல்லும் அகராதி ஒன்று வேண்டும். ஆங்கிலம் வழியாகப் போகும் அகராதி போதாது. ஏன் என்பது முதல் படியிலேயே தெரியும். ஸ்பானிய ராயல் அகாதமியின் அகராதி ஒவ்வொரு வினைக்கும் எந்த மாதிரி வினையைப் பின்பற்ற வேண்டும் என்று சொல்லிவிடும். ருமேனியத்துக்கு டெக்ஸ்ஆன்லைன் தளம் முழு வடிவங்களையும் தரும். பிரெஞ்சுக்கு பெஷரெல் வினைநூலே போதும். இந்த வகை வினைகளுக்கு அதில் மாதிரியாக நிற்பதே நாம் தேடும் வினைதான்.

இனி, எழுதும் முறை. அயல்சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அழுத்தம் விழும் உயிரை நெடிலாகவும் மற்றவற்றைக் குறிலாகவும் எழுதியிருக்கிறேன். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் நம்மிடம் தனித்தனி எழுத்து இருப்பது இங்கே பெரிய வசதி. உங்கள் குறிப்பேட்டிலும் இதே முறையைப் பின்பற்றலாம். ஒலியை நுணுக்கமாகப் பார்க்காமல் மூல எழுத்தைத்தான் தொடர்ந்திருக்கிறேன். பிரெஞ்சு மட்டும் விலக்கு. அதில் எழுத்தைத் தொடர்ந்தால் யாருக்கும் விளங்காது. ரோமன் எழுத்துகளை அவற்றின் ஆங்கிலப் பெயரால் குறிக்கிறேன்.

1. எந்த வினை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஸ்பானியத்தில் மூன்று வினைகள் இருக்கின்றன. ஸித்தியார் என்பது படை சூழ்ந்து நிற்பது. அஸெதியார் அதையும் குறிக்கும், கேள்விமேல் கேள்வி கேட்டுத் துளைப்பதையும் குறிக்கும். ஸெர்க்கார் என்றால் வளைத்துச் சுற்றுவது. போர் வரலாற்றுக்கு முதல் இரண்டும் பொருந்தும். 1808, 1809 ஆண்டுகளில் நெப்போலியனின் படைகள் ஸரகோஸாவை வளைத்த நிகழ்வுகளை ஸ்பானியர்கள் ‘ஸித்தியோஸ்’ என்றே சொல்வார்கள். அங்கே வேறு சொல் போட்டால் இலக்கணப் பிழை வராது. ஆனால் படிப்பவருக்கு அந்நியமாகத் தெரியும்.

போர்ச்சுகீசியத்தில்தான் பெரிய குழி. அஸெதியார் என்ற அதே உருவம் அங்கேயும் இருக்கிறது. அகராதியில் ‘முற்றுகையிடு’ என்ற பொருளும் இருக்கும். ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது தொல்லை கொடுப்பது, பாலியல் சீண்டல், பணியிடத் துன்புறுத்தல். ஆகவே கோட்டை முற்றுகைக்கு ஸித்தியார் அல்லது ஸெர்க்கார் என்று எழுதுங்கள். 1546இல் டையூ கோட்டைக்கு நேர்ந்ததையும், 1655–56இல் டச்சுக்காரர்கள் கொழும்பைச் சூழ்ந்ததையும் போர்ச்சுகீசிய நூல்கள் ‘ஸேர்க்கொ’ என்ற பெயர்ச்சொல்லால்தான் குறிக்கின்றன.

கட்டலானின் அஸெட்ஜார் இரண்டு பொருளையும் சமமாகச் சுமக்கிறது. 1713–14 பார்சிலோனா முற்றுகைக்கும் அதே வேர்தான், பள்ளியில் ஒரு மாணவனை மற்றவர்கள் கொடுமைப்படுத்துவதற்கும் அதே வேர்தான். அங்கே தேர்வு செய்ய ஒன்றுமில்லை, சூழல் பார்த்துக்கொள்ளும். இத்தாலியத்தின் அஸ்ஸெதியாரெ, ருமேனியத்தின் அஸெதியா, பிரெஞ்சின் அஸியேஜே மூன்றும் போர்ப்பொருளில் உறுதியாக நிற்பவை. சீண்டலுக்கு அந்த மொழிகளில் வேறு வினைகள் உண்டு.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்தவர்களின் அட்டவணையில், போர்ச்சுகீசியப் படைத்தலைவர் ஒருவர் ஊரையே சீண்டியதாக இருக்கும்.

2. அழுத்தம் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்

வினையைத் தேர்ந்ததும் ஈறுகளுக்குப் போகாதீர்கள். நிகழ்காலத்தில் ‘நான்’, ‘அவன்’, ‘நாங்கள்’ என்ற மூன்று வடிவங்களை மட்டும் எழுதி, அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்று குறியுங்கள். பின்னால் வரப்போகும் எழுத்து மாற்றங்களில் பெரும்பகுதி இந்த அழுத்தத்தால் வருவதே. காரணம் தெரிந்தால் விதிவிலக்குப் பட்டியல் சுருங்கிவிடும்.

ஸ்பானியத்தில் ‘நான்’ வடிவம் அஸேதியொ, அழுத்தம் வேரில். இத்தாலியத்திலும் அப்படியே, அஸ்ஸேதியொ. போர்ச்சுகீசியத்தில் அதே வினை அஸெதீயொ, அழுத்தம் ஒரு அசை பின்னால் நகர்ந்து ‘ஐ’ எழுத்தின் மேல் விழுகிறது. ருமேனியத்தில் இன்னும் பின்னால் போய் ஈற்றிலேயே உட்கார்ந்துவிடுகிறது: அஸெதியேஸ். கட்டலானில் மறுபடியும் வேரில்: அஸேட்ஜொ. பிரெஞ்சில் தனி அழுத்தம் என்று பேச ஒன்றுமில்லை. அதன் கணக்கை உச்சரிப்புக் கோடுகளில்தான் தீர்க்க வேண்டும்.

இந்த ஐந்து சொற்களையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, உரக்கச் சொல்லிப் பழகிய பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

3. ஸ்பானியமும் போர்ச்சுகீசியமும்: அருகருகே எழுதுங்கள், கலக்காதீர்கள்

அட்டவணையை ஸ்பானியத்தில் தொடங்கச் சொல்வேன். எழுதுவதைத்தான் படிக்கிறோம் என்பதால் பிழை உடனே காதில் விழும். அஸேதியொ, அஸேதியஸ், அஸேதிய, அஸெதியாமொஸ், அஸெதியாய்ஸ், அஸேதியன். ஸித்தியாரும் இதே தடம்: ஸீத்தியொ, ஸீத்தியஸ், ஸீத்திய. இங்கே வரும் வழக்கமான பிழை, ‘அனுப்பு’ என்ற பொருளுள்ள என்வியார் வினையைப் பார்த்து, அதில் ‘ஐ’ மேல் கோடு வருவதுபோல இதிலும் போட்டுவிடுவது. அகாதமி அகராதி இரண்டையும் வேறு வேறு மாதிரிகளில் வைத்திருக்கிறது. நம் இரண்டும் ‘அறிவி’ என்ற பொருளுள்ள அனுன்ஸியார் வழியில் போகின்றன, கோடு கிடையாது.

ஆனால் இறந்தகாலத்தில் கோடு கட்டாயம். அஸேதியொ என்றால் ‘நான் முற்றுகையிடுகிறேன்’. அஸெதியோ என்றால் ‘அவன் முற்றுகையிட்டான்’. கடைசி ‘ஓ’ மேல் இடும் சிறு கோடு ஒன்றுதான் ஆளையும் காலத்தையும் மாற்றுகிறது. தட்டச்சில் சோம்பல் பட்டு அதை விட்டுவிடுகிறவர்கள் மிகுதி.

ஸெர்க்கார் வினையைத் தேர்ந்திருந்தால் இன்னொன்று. ‘ஈ’ எழுத்துக்கு முன் ‘சி’ எழுத்து ஸகர ஒலியாகிவிடும் (ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கைக் கடித்த தகர ஒலி). ககர ஒலியைக் காப்பாற்ற அங்கே ‘கியூ’, ‘யூ’ இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். ‘நான் வளைத்தேன்’ என்ற ஸெர்க்கே அப்படித்தான் எழுதப்படும். போர்ச்சுகீசியத்திலும் காரணம் அதுவே, மாற்றமும் அதுவே.

இப்போது போர்ச்சுகீசியம். ஸித்தீயொ, ஸித்தீயஸ், ஸித்தீய, ஸித்தியாமொஸ். ஸ்பானியத்தை நன்றாகப் படித்தவர்கள்தான் இங்கே அதிகம் தவறுகிறார்கள். அழுத்தத்தைப் பழைய இடத்திலேயே வைத்துப் படித்துவிடுகிறார்கள். அப்படிப் படித்தால் அது வினையே இல்லை. முதல் அசையில் அழுத்தம் வந்தால் ‘இடம்’ என்ற பெயர்ச்சொல். பிரேசிலில் சிறு பண்ணைத் தோட்டத்துக்கும் அதுவே பெயர். எழுத்தில் பெயர்ச்சொல்லுக்கு முதல் ‘ஐ’ மேல் கோடு உண்டு, வினைக்கு இல்லை.

இன்னொரு பொறி, கொஞ்சம் கற்றவர்களுக்கென்றே வைத்தது. இந்த ஈறுகொண்ட ஐந்து வினைகள் போர்ச்சுகீசியத்தில் வழிமாறிப் போகும்: மெதியார், அன்ஸியார், ரெமெதியார், இன்ஸெந்தியார், ஒதியார். ‘வெறுக்கிறேன்’ என்பது ஒதேயொ. பள்ளிகளில் இந்த ஐந்தின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘மாரியொ’ என்று மனப்பாடம் செய்விப்பார்கள். மெதியார், ரெமெதியார் இரண்டும் அஸெதியாருக்கு எதுகைபோல ஒலிப்பதால் ‘அஸெதேயொ’ என்று எழுதிவிடுகிறார்கள். அப்படியொரு வடிவம் நெறிப்பட்ட மொழியில் இல்லை. அஸெதீயொதான்.

4. இத்தாலியம்: ‘ஐ’ எப்போது விழும், எப்போது நிற்கும்

அஸ்ஸேதியொ, அஸ்ஸேதி, அஸ்ஸேதிய, அஸ்ஸெதியாமொ, அஸ்ஸெதியாத்தெ, அஸ்ஸேதியனொ. ‘நீ’ வடிவத்தைப் பாருங்கள். வேரில் ஒரு ‘ஐ’, ஈற்றில் ஒரு ‘ஐ’, ஆக இரண்டு வர வேண்டும். ஆனால் ஒன்றுதான் எழுதப்படும். வேரின் ‘ஐ’ அழுத்தம் பெறாதது என்பதால் ஈற்றில் கரைந்துவிடுகிறது. ‘அனுப்பு’ என்ற இன்வியாரெ வினையில் அந்த ‘ஐ’ அழுத்தம் பெறுகிறது, அதனால் அங்கே இரண்டும் நிற்கும். இரண்டாம் படியில் அழுத்தத்தைக் குறித்தவர்களுக்கு இது விதிவிலக்காகவே தெரியாது.

எதிர்காலத்தில் நேர் எதிர்ப் பிழை வரும். ‘உண்’ என்ற மாஞ்ஜாரெ வினையில் ‘ஐ’ வெறும் எழுத்து அடையாளம், ஒலி இல்லை. எனவே எதிர்காலத்தில் அது விழுந்துவிடும். அதைப் பார்த்து இங்கேயும் வெட்டிவிடுகிறார்கள். அஸ்ஸெதியெரோ என்பதில் அந்த ‘ஐ’ ஒலிக்கிறது, எனவே நிற்க வேண்டும்.

அவர்கள் வடிவமான அஸ்ஸேதியனொவைப் படிக்கும்போது ஈற்றயலை நீட்டி ‘அஸ்ஸெதியானொ’ என்று சொல்வது நம் எல்லோருடைய வாயிலும் வரும் வழக்கம். அழுத்தம் ‘அவன்’ வடிவத்தில் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். பின்னால் ஓர் அசை கூடினாலும் நகராது.

5. ருமேனியம்: ஈற்றுக்கு முன் ஓர் இடைச்சொருகல்

அஸெதியேஸ், அஸெதியேஸி, அஸெதியாஸ, அஸெதியேம், அஸெதியாட்ஸி, அஸெதியாஸ. ஒருமையிலும் ‘அவர்கள்’ வடிவத்திலும் ஓர் ஒட்டு உள்ளே நுழைகிறது. ‘படி’ என்ற ஸ்துதியா வினை தெரிந்தவர்களுக்கு இது பழக்கமான தடம். ‘அவன்’, ‘அவர்கள்’ இரண்டுக்கும் ஒரே வடிவம் என்பதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடாதீர்கள். இந்த வகை வினைகள் எல்லாவற்றுக்கும் அப்படித்தான்.

இத்தாலியத்திலிருந்து வருபவர்கள் ‘நான்’ வடிவத்துக்கு ‘அஸேதியு’ என்று எழுதுகிறார்கள். அது ‘முற்றுகை’ என்ற பெயர்ச்சொல்.

6. கட்டலானும் பிரெஞ்சும்: ஒலி அப்படியே, எழுத்து மட்டும் மாறும்

இரண்டையும் ஒரே அமர்வில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் வேரின் கடைசியில் ஜகர வகை ஒலி இருக்கிறது. அடுத்து வரும் உயிர் எதுவானாலும் அந்த ஒலி கெடக்கூடாது என்பதற்காகவே எழுத்தை மாற்றுகிறார்கள்.

கட்டலானில் ஏ, ஓ, யூ எழுத்துகளுக்கு முன் ‘டி, ஜே’ என்ற இணை வரும். ஈ, ஐ எழுத்துகளுக்கு முன் ‘டி, ஜி’ என்ற இணை வரும். அஸேட்ஜொ முதல் இணையில், அஸேட்ஜெஸ் இரண்டாம் இணையில். அஸேட்ஜ, அஸெட்ஜேம், அஸெட்ஜேவு, அஸேட்ஜென் என்று ஆறையும் எழுதி, இணை மாறும் இடங்களில் கோடிடுங்கள். இவ்வளவுதான் கட்டலான்.

பிரெஞ்சில் இரண்டு மாற்றங்கள் ஒரே வினையில் சேர்ந்து வருகின்றன. புதியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால், தனித்தனிச் சுற்றாகச் செய்யுங்கள்.

முதல் சுற்று உச்சரிப்புக் கோடு. வினைப்பெயரில் வேரின் ‘ஈ’ எழுத்தின் மேல் வலப்பக்கம் ஏறும் கோடு இருக்கிறது. நிகழ்காலத்தில் நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்கிலும் அது வலப்பக்கம் இறங்கும் கோடாக மாறும். நான்கும் காதுக்கு ஒன்றே: அஸியேஜ். அடுத்த அசையில் ஊமை ‘ஈ’ வந்தால் இந்த அசை திறந்து ஒலிக்கும், அதுதான் காரணம். ‘நாங்கள்’, ‘நீங்கள்’ வடிவங்களில் ஈறு ஒலிக்கிறது, எனவே கோடு பழையபடியே ஏறும்.

இரண்டாம் சுற்று ‘ஜி’ எழுத்து. ‘ஏ’ எழுத்துக்கும் ‘ஓ’ எழுத்துக்கும் முன் அது ககரமாகக் கெட்டுவிடும் என்பதால், நடுவே ஓர் ஊமை ‘ஈ’ வைக்க வேண்டும். ‘நாங்கள் முற்றுகையிடுகிறோம்’ என்ற அஸியேஜோனில் வரும். ‘அவன் முற்றுகையிட்டான்’ என்ற அஸியேஜாவில் வரும். ‘முற்றுகையிட்டுக்கொண்டிருந்தான்’ என்ற அஸியேஜேயிலும் வரும். ஆனால் அதே காலத்தின் ‘நாங்கள்’ வடிவத்தில் ஈறு ‘ஐ’ எழுத்தில் தொடங்குவதால் வராது. ‘அவர்கள் முற்றுகையிட்டார்கள்’ என்ற அஸியேஜேரிலும் வராது. பழக்க தோஷத்தில் எல்லா இடத்திலும் அந்த ‘ஈ’யைத் திணிப்பதுதான் நான் அதிகம் திருத்திய பிழை.

எதிர்காலத்துக்கு இரண்டு எழுத்துமுறை உண்டு. பழைய முறையில் கோடு ஏறும். 1990 எழுத்துச் சீர்திருத்தத்தின்படி இறங்கும். இரண்டும் ஏற்கப்பட்டவை. ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதையே பின்பற்றுங்கள். நிபந்தனை வடிவமும் அதையே தொடரட்டும்.

7. இறந்தகாலம்: முற்றுகை நீண்டது என்பதால் ஏமாறாதீர்கள்

முற்றுகை என்றாலே மாதக்கணக்கு. நீண்ட செயல் என்றதும் தொடர் இறந்தகாலத்தைப் போட்டுவிடுகிறார்கள். செயல் எவ்வளவு நீண்டது என்று பார்க்காதீர்கள். அதை முழுதாக மூடிச் சொல்கிறீர்களா, நடுவில் நின்று பார்க்கிறீர்களா என்று பாருங்கள்.

நமக்குத் தெரிந்த ஊரை வைத்தே பழகலாம். 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்ததும் விட்டுவிட்டுப் போனார். ‘லாலி இரண்டு மாதம் முற்றுகையிட்டார்’ என்றால் கணக்கு மூடப்பட்டுவிட்டது: பிரெஞ்சில் அஸியேஜா. ‘லாலி முற்றுகையிட்டிருந்தபோது கப்பல்கள் வந்தன’ என்றால் நடுவில் நிற்கிறோம்: அஸியேஜே என்று ஒலிக்கும் தொடர் வடிவம். இரண்டாவதை எழுதும்போது கவனம் வேண்டும். வினைப்பெயர், ‘நீங்கள்’ வடிவம், வினையெச்சம், தொடர் இறந்தகாலம் எல்லாம் நம் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே விழும். காதை நம்பாமல் எழுத்தைப் பார்த்து எழுதுங்கள்.

கட்டலானில் ‘அவர்கள் முற்றுகையிட்டார்கள்’ என்பது ‘வன் அஸெட்ஜார்’. ‘போ’ என்ற வினையின் வடிவம் துணையாக வருகிறது, ஆனால் பொருள் இறந்தகாலம். ஸ்பானியத்தில் ‘வன் ஆ அஸெதியார்’ என்றால் ‘முற்றுகையிடப் போகிறார்கள்’. நடுவில் வரும் ‘ஆ’ ஒன்றுதான் வேறுபாடு. ஸ்பானியம் தெரிந்த மொழிபெயர்ப்பாளர்கள் கட்டலான் நாளேட்டுக் குறிப்புகளில் நடந்து முடிந்த போரை வரப்போகும் போராக்கிவிடுவது இதனால்தான்.

போர்ச்சுகீசியத்தில் ஸித்தியாரம் என்றால் முற்றுகையிட்டார்கள்; ஸித்தியராவ் என்று கடைசியில் அழுத்தி மூக்கால் முடித்தால் முற்றுகையிடுவார்கள். எழுத்திலும் ஈறு வேறு. போர்ச்சுகலில் ‘நாங்கள்’ இறந்தகாலத்துக்கு ‘ஏ’ மேல் கோடிடும் வழக்கம் உண்டு, பிரேசிலில் இல்லை.

8. சூழ்ந்தவர் யார், சூழப்பட்டவர் யார்

வினைவடிவங்கள் முடிந்ததும் அவற்றிலிருந்து வரும் பெயர்களையும் அட்டவணையில் சேருங்கள். இங்கே ஒரு தவறு வெற்றி தோல்வியையே மாற்றிவிடும். பிரெஞ்சில் ‘அஸியேஜான்’ என்பவர்கள் வெளியே நிற்கும் படையினர். ‘அஸியேஜே’ என்பவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள். இத்தாலியத்தில் அஸ்ஸெதியான்தி வெளியே, அஸ்ஸெதியாத்தி உள்ளே. ஸ்பானியத்தில் ஸித்தியதோரெஸ் வெளியே, ஸித்தியாதொஸ் உள்ளே. ருமேனியத்தில் உள்ளே இருப்பவர்களைக் குறிக்கும் சொல்லும் ‘நீங்கள் முற்றுகையிடுகிறீர்கள்’ என்ற வினையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. முன்னால் என்ன வருகிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

செயப்பாட்டுவினையை எழுதும்போது வினையெச்சம் ஊரின் பாலுக்கு ஏற்ப மாறும். ‘நகரம்’ என்ற சொல் இந்த மொழிகள் பெரும்பாலானவற்றில் பெண்பால், எனவே பெண்பால் ஈறு. ருமேனியத்தில் அது அலிப்பால். ஒருமையில் ஆண்பால் ஈறு ஏற்கும். புதுச்சேரி 1760–61இல் ஆங்கிலேயரால் முற்றுகையிடப்பட்டது என்று ஸ்பானியத்தில் எழுதினால் ‘ஃபுவே ஸித்தியாத’. அதே ஊர் அந்த மாதங்களில் முற்றுகைக்குள் கிடந்தது என்றால் ‘எஸ்தாப ஸித்தியாத’. தமிழில் ‘முற்றுகையிடப்பட்டது’, ‘முற்றுகையில் இருந்தது’ என்று நாம் பிரிப்பதும் இதையே.

செயப்படுபொருளில் ஒரே ஒரு எச்சரிக்கை. நமக்கு ஊரானாலும் ஆளானாலும் ‘ஐ’ உருபுதான். ஸ்பானியத்தில் ஊர் வெறுமனே வரும், ஆட்கள் வந்தால் முன்னால் ‘ஆ’ சேர வேண்டும். ருமேனியத்தில் அந்த இடத்தில் ‘பெ’ வரும். பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒன்றும் வேண்டாம். ஆனால் வினையை விட்டு ‘முற்றுகை போடு’ என்ற தொடரைக் கையாண்டால் ஊர்ப்பெயருக்கு முன் ‘எதிரே’ என்ற பொருளுள்ள தெவான் வர வேண்டும்.

9. பெயர்ச்சொல்லோடு மோதும் இடங்களைத் தனியே சரிபாருங்கள்

கணினியில் தேடிச் சரிபார்ப்பவர்களுக்கு இந்தப் படி. ஸ்பானியத்தில் ‘நான் முற்றுகையிடுகிறேன்’ என்பதும் ‘முற்றுகை’ என்பதும் ஒரே சொல். ஸீத்தியொ என்றால் ‘இடம்’ என்றும் பொருள், இணையத்தளத்துக்கும் அதே சொல். இத்தாலியத்திலும் அஸ்ஸேதியொ இரண்டுக்கும் பொது. பிரெஞ்சில் ‘ஸியேஜ்’ முற்றுகை, இருக்கை, ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மூன்றையும் குறிக்கும். பிரெஞ்சுப் பத்திரம் ஒன்றில் நிறுவனத்தின் பதிவு அலுவலகத்தை ‘சமூக முற்றுகை’ என்று இயந்திர மொழிபெயர்ப்பில் கண்டால் அதிர்ச்சியடைய வேண்டாம்.

ஆகவே தேடும்போது ‘நான்’ வடிவத்தைப் போட்டுத் தேடாதீர்கள். ‘அவர்கள்’ இறந்தகால வடிவத்தைப் போடுங்கள். அது எந்தப் பெயர்ச்சொல்லோடும் மோதாது.

10. ஒரே வாக்கியத்தால் முழு அட்டவணையையும் சோதியுங்கள்

‘அவர்கள் நகரத்தை மூன்று மாதம் முற்றுகையிட்டார்கள்’ என்ற வாக்கியத்தை ஆறு மொழிகளிலும் எழுதுங்கள். ஸித்தியாரொன், ஸித்தியாரம், அஸ்ஸெதியாரொனொ, அவு அஸெதியாத், வன் அஸெட்ஜார், அஸியேஜேர் என்று வர வேண்டும். பிறகு ‘மூன்று மாதம்’ என்பதை எடுத்துவிட்டு ‘மழை வந்தபோது’ என்று மாற்றி, தொடர் இறந்தகாலத்தில் ஆறையும் மீண்டும் எழுதுங்கள். எந்த மொழியில் கை தயங்குகிறதோ அந்த வரிசையை அகராதியோடு மறுபடி ஒப்பிடுங்கள்.

அட்டவணையின் தலையில் இரண்டு குறிப்புகளை எழுதிவிட்டு மற்றவருக்கு அனுப்புங்கள்: பிரெஞ்சுக்குப் பழைய எழுத்துமுறையா 1990 முறையா, போர்ச்சுகீசியம் லிஸ்பன் வழக்கா பிரேசில் வழக்கா. இவை இல்லாத அட்டவணையைப் பெறுபவர், சரியாக இருக்கும் கோடுகளைத் திருத்தத் தொடங்கிவிடுவார்.